கல்லும் கரியும் தனித்தனிப் பையில்

சென்ற மாதம் செகந்திராபாத் மௌலா அலியில், நான் வேலை பார்த்த நிலக்கரிப் பரிசோதனை லேபில், புது மெஷினுக்குப் பூஜை போட்டார்கள். கரியை மேலே கொட்டினால் போதும். அதுவே நொறுக்கி, கலக்கி, பங்கு பிரித்து, கீழே ஒரு கிண்ணம் மாதிரியைத் தள்ளிவிடும். அந்த வேலையைத்தான் ரிட்டயர் ஆகும்வரை நான் ஷவலால் செய்துகொண்டிருந்தேன். அதனால் என்னையும் கூப்பிட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, பழைய அனுபவம் இரண்டு வார்த்தை சொல்லுங்கம்மா என்றார்கள்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. ரேஷன் கடையில்கூட எனக்குப் பின்னால் நிற்பவர்கள்தான் எனக்கும் சேர்த்துக் கேட்பார்கள். மைக்கைப் பிடித்து, “வணக்கம். எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சாப்பாடு வர இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் வயதானவள் சொல்லிவிட்டாளே என்று பாதிப் பேர் எழுந்து பந்தியைத் தேடிப் போனார்கள். எனக்கு அடுத்துப் பேசிய மேனேஜர் சார் காலி நாற்காலிகளைப் பார்த்து, திரளாக வந்திருக்கும் அனைவருக்கும் நன்றி என்றார்.

பேச்சு வராததற்குப் பாதிக் காரணம் கூச்சம். மீதிக் காரணம் அங்கே பூஜைத் தட்டில் இருந்தது. அதைக் கடைசியில் சொன்னால்தான் புரியும். எங்கள் காலனித் தமிழ்க்காரர்கள் போடும் மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும்.

எங்களுக்குப் பூர்வீகம் குடியாத்தம் பக்கம். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக செகந்திராபாத் வந்தார். என்னைக் கட்டியவரும் அதே ஒர்க்‌ஷாப்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் லேபில் கூட்டிப் பெருக்கப் போனேன். ஒருநாள் ஷவல் பிடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. நான் பிடித்தேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

மற்றதெல்லாம் காதர் சாப் சொல்லிக் கொடுத்தது. அவர் எங்கள் சீனியர் கெமிஸ்ட். மெட்டுகூடாவில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழை ஹைதராபாத் உருதுவில் முக்கி எடுத்த மாதிரி பேசுவார். யார் எது சொன்னாலும் “ஹவ்” என்பார். ஆமாம் என்று அர்த்தம். சொல்லிவிட்டுத் தனக்குச் சரி என்று பட்டதைச் செய்வார்.

காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். நன்றாகத் துடைத்த பிறகுதான் கரியைத் தொடுவார். சாயங்காலம் வேலை முடிந்ததும் பழைய பேப்பரில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விடுவார். தலைகீழாகச் செய்கிறாரே என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த ஒருத்தி கேட்டேவிட்டாள்.

“கரி நமக்கு அழுக்கு இல்லேம்மா. நம்ம கைதான் கரிக்கு அழுக்கு” என்றார்.

மாதிரி எடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூட்டை மூட்டையாக வரும் கரியிலிருந்து கடைசியில் ஒரு சிட்டிகையைத்தான் அடுப்பில் எரித்து, மிஞ்சும் சாம்பலை நிறுத்துப் பார்ப்பார்கள். கல் கூடினால் சாம்பலும் கூடும். அந்தச் சிட்டிகை மொத்த மூட்டைக்கும் சாட்சி சொல்ல வேண்டும். அதற்காகக் கரியை நொறுக்கி, இரும்புத் தகட்டின்மேல் கோபுரமாகக் குவிப்போம். ஒவ்வொரு ஷவலையும் கோபுரத்தின் உச்சியில் கொட்ட வேண்டும். அப்போதுதான் எல்லாப் பக்கமும் சமமாகச் சரியும். பிறகு தட்டையாக்கி, பலகையால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவோம். மறுபடி நொறுக்கு, மறுபடி குவி. ஒரு பொட்டலம் ஆகும்வரை இதேதான்.

இதில் காதர் சாப் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஷவலைக் கரிக்குள் விடும்போது கரியைப் பார்க்கக் கூடாது.

“கண்ணு இருக்கே, அது தாவத்துக்கு வந்த மாமா மாதிரி. தேக்சாவுல நல்ல துண்டாத்தான் தேடும். நல்ல கரி நக்கோ, கெட்ட கரியும் நக்கோ. வந்த கரி வேணும்” என்பார். தாவத் என்றால் விருந்து, தேக்சா என்றால் பிரியாணி அண்டா, நக்கோ என்றால் வேண்டாம்.

அதனால் சாம்பிள் ரூமில் இருந்த நாங்கள் நான்கு பெண்களும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஷவல் போடுவோம். பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று சுவரில் காலண்டர்கள் மாட்டினோம். லேபைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், இந்தப் பெண்களுக்கு இந்த வேலை சுத்தமாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பாவப்பட்டுப் போவார்கள்.

நாங்கள் நால்வரும் தினக்கூலிகள். வேலை வராவிட்டால் ரூமையே மூடிவிடலாம். அப்படி இருக்கும்போதுதான் ஆற்றுத் துறைமுக வேலை வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். கிழக்குக் கடலில் ஆறு போய்ச் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. கப்பல் ஆற்றுக்குள் வர முடியாது. கடலிலேயே நிற்கும். பெரிய படகுகளில் கரியை ஏற்றி ஆற்று வழியாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். அந்தக் கரியில் கல் அதிகம் என்றும், அதைக் கழுவித் தரம் உயர்த்தும் ஆலை ஒன்று கட்ட வேண்டும் என்றும், திட்டம் போட்டுத் தரும்படி எங்கள் கம்பெனியைக் கேட்டிருந்தார்கள்.

பேகம்பேட் ஆபீசிலிருந்து டைரக்டர் சாரே வந்தார். தமிழ்க்காரர், தங்கமான மனிதர், ஆனால் அவசரம். கரி இன்னும் வந்து சேரவில்லை, அதற்குள் ஆலையின் படத்தைக் கலரில் வரைந்து கொண்டுவந்துவிட்டார். வரிசையாகத் தென்னை மரம், பெரிய வெள்ளை கேட், உள்ளே எங்கேயோ ஆலை.

“இந்த ஆலை வந்தா உங்க நாலு பேரையும் பெர்மனென்ட் பண்ணிடறேன். வரலைன்னா இந்த ரூமைப் பழைய நாற்காலி போடத்தான் வெச்சுக்கணும்” என்றார். போகும்போது ஒரு ஆள் டேப் வைத்து ரூமின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனான்.

ஆக, அந்த ஆற்றங்கரைக் கரியில் கல் இருக்க வேண்டும் என்று நாங்கள் நால்வரும் சாமி கும்பிட்டோம். ஒருத்தி மௌலா அலி மலைமேல் இருக்கும் தர்காவுக்கு ஏறிப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள்.

மூட்டைகள் வந்தன. வாயை நூல் போட்டு அழகாகத் தைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்திப்பூ செருகி அனுப்பியிருந்தார்கள். பிரித்தால் கரி கண்ணாடி மாதிரி மின்னியது. எல்லாத் துண்டும் ஒரே அளவு. மருந்துக்கு ஒரு கல் இல்லை. எரித்துப் பார்த்தால் சாம்பலும் இல்லை என்றே சொல்லிவிடலாம். காதர் சாப் மறுபடி எரித்தார். மறுபடியும் அதே.

டைரக்டர் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “என்ன காதர், இது ஏற்கெனவே தரம் உயர்ந்து வந்திருக்கே. இதுக்குமேல உயர்த்தினா நகைக்கடையிலதான் விக்கணும்.”

“ஹவ் சார்” என்று சொல்லிவிட்டு காதர் சாப் துறைமுகத்துக்கு போன் போட்டார். அங்கே பொறுப்பாக இருந்தவர் அப்பாராவ். அவர் தெலுங்கில் சத்தமாகப் பேசியது ரூம் முழுக்கக் கேட்டது. தமிழில் எழுதுகிறேன்.

“நல்லா இருந்துச்சாங்களா? ஹைதராபாதுக்குப் போற சரக்கு, பெரியவங்க பார்க்கிற சரக்கு. அப்படியே மூட்டை கட்டிட முடியுமா? நம்ம பொம்பளைங்களை உட்கார வெச்சுக் கல்லு பொறுக்கி, ஆத்துல ரெண்டு தடவை அலசி, வெயில்ல காயவெச்சு அனுப்பினோம். ஏதாவது குறை இருந்தா மன்னிக்கணும்.”

எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. சம்பந்தி வீட்டுக்கு அரிசி அனுப்பினால் நாங்களும் கல் பொறுக்கித்தான் அனுப்புவோம். ஆனால் அந்தக் கல்லில் அல்லவா எங்கள் சோறு இருந்தது.

டைரக்டர் சார் போனைப் பிடுங்கினார். “அப்பாராவ், எங்களுக்குக் கல்லுதான் வேணும். கல்லோட அனுப்புங்க.”

அடுத்த மூட்டை வந்தது. அதற்கும் குங்குமம், பூ. தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பிரித்தால் உருண்டை உருண்டையாக ஆற்றுக் கூழாங்கல், கிளிஞ்சல், உடைந்த பானைத் துண்டு ஒன்று. நடுவில் ஒளிந்துகொண்டிருந்த மாதிரி கொஞ்சம் கரி. அலசும் தொட்டியில் கனமான மருந்துத் தண்ணீர் இருக்கும், அதில் கரி மிதக்கும், கல் மூழ்கும். அன்றைக்கு எல்லாம் மூழ்கிவிட்டது.

டைரக்டர் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இதுக்கு ஒரு ஆலை போதாது காதர். ரெண்டு போடணும். கையெழுத்துப் போடுங்க.”

அந்த நேரம் எங்கள் நால்வர் கண்ணும் காதர் சாப் கையில்தான் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் நாங்கள் பெர்மனென்ட். அவர் பேனாவை எடுத்தார். கரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“ஹவ் சார். ஆனா இது கரியில இருக்கிற கல்லு இல்ல. கல்லுல இருக்கிற கரி. நானே போய் எடுத்துட்டு வரேன். பாக்கியம்மா வரட்டும், ஷவல் பிடிக்க.”

பாக்கியம்மா என்றால் நான்தான். வீட்டில் வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். “பக்கத்து வீட்டுல போய் மோர் கேக்க வாய் வராது உனக்கு. நீ ஆறு தாண்டிப் போய்க் கல்லு கேக்கப் போறியா?” என்றார். ஆனால் வழிக்கு வேண்டிய புளிச்சோற்றை அவரே கட்டிக் கொடுத்தார்.

ரயிலில் போய், பஸ் மாறி, துறைமுகத்தில் இறங்கினோம். நாங்கள் வருவது தெரிந்து படகுத் துறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். வெள்ளைச் சுவருக்கு நடுவில் கரிக்குவியல் கறுத்த மலையாகப் பளபளவென்று நின்றது. மலையின் வெளிப்பக்கம் முழுவதையும் துடைத்திருந்தார்கள். பொறுக்கிய கல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, எங்கள் கண்ணில் படாமல் இருக்க அதன் முன்னால் நாற்காலி போட்டு எங்களை உட்காரவைத்து இளநீர் கொடுத்தார் அப்பாராவ்.

கல் பொறுக்கும் பெண்களுக்குத் தலைவி நூக்கம்மா. அந்தக் கடலோரத்துப் பெண்கள் வழக்கப்படி சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக்கொண்டு பேசுகிறவள். அவள் பேசும்போது நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் தெலுங்குதான்.

காதர் சாப் கை கழுவிக்கொண்டு வந்து குவியலின் ஒரு பக்கத்தைக் காட்டினார். நான் ஷவலைத் தூக்கினேன். அதற்குள் மூன்று பெண்கள் ஓடிப்போய், நான் வெட்டப்போகிற இடத்தில் இருந்த கற்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார்கள். காதர் சாப் வேறு பக்கம் காட்டினார். அங்கேயும் ஓடினார்கள். திடீரென்று திரும்பி மூன்றாவது பக்கம் காட்டினார். நூக்கம்மா அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“நக்கோ நூக்கம்மா. கல்லை எடுக்காதே.”

“ஏன் பாபு, எங்க கரி பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் கஷ்டம்.”

“ஹைதராபாதுல இருந்து வந்திருக்கீங்க. கண்ணெதிர்ல கல்லோட அள்ளிட்டுப் போறதைப் பார்த்துட்டு நிக்கச் சொல்றீங்களா? நாளைக்கு எங்களை யார் மதிப்பாங்க?”

காதர் சாப் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். பெண்ணுக்குப் பெண் கேட்டிருப்பாள். கடைசியில் அவரே சொன்னார்.

“பார்த்துட்டு நிக்க வேண்டாம். பார்க்காம நில்லுங்க. எல்லாரும் ஆத்துப் பக்கம் திரும்புங்க.”

திரும்பினார்கள். பெண்கள், படகுக்காரர்கள், எடைபோடும் ஆள், டீக்கடைக்காரர், எல்லாரும் கரிக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். அப்பாராவ் மரியாதைக்காகக் கையையும் கட்டிக்கொண்டார். ஆற்றில் போன படகுக்காரன் ஒருவன், தண்ணீரில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துத் தலைப்பாகையைக் கழற்றினான். காதர் சாப்பும் திரும்பிக்கொண்டார். நான் மட்டும் ஷவலோடு கரியைப் பார்த்து நின்றேன். எனக்கும் சட்டம் உண்டே என்று ஞாபகம் வந்து வானத்தைப் பார்த்தேன். அங்கே காலண்டர் இல்லை. ஒரு பருந்து இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஷவலை விட்டேன்.

ணங் என்றது.

“அது கல்லு. எடுத்துப் போடும்மா” என்றாள் நூக்கம்மா, திரும்பாமலே.

“நூக்கம்மா” என்றார் காதர் சாப், அவரும் திரும்பாமலே.

மறுபடி ணங்.

“அதுவும் கல்லு” என்று முனகினாள். ஒவ்வொரு ணங்குக்கும் அவள் முதுகு துடித்தது. கடைசியில் சேலைத் தலைப்பால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அப்படித்தான் அந்தத் துறைமுகத்தின் மாதிரி எடுக்கப்பட்டது.

லேபுக்குக் கொண்டுவந்து பார்த்தால் முடிவு நடுவில் வந்தது. கல் உண்டு, ஆனால் டைரக்டர் சார் வரைந்த ஆலைக்குப் போதுமான கல் இல்லை. காதர் சாப் அப்படியே எழுதினார். ஓடும் பெல்ட் ஒன்று, அதற்கு மேலே கொட்டகை, பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று பெண்கள் கல் பொறுக்கலாம், கழுவ ஒரு தொட்டி. அதுவே இந்தக் கரியைத் தரம் உயர்த்தப் போதும் என்றார்.

டைரக்டர் சார் படித்துப் பார்த்துவிட்டு, “இதுல என் கேட் எங்கே?” என்றார்.

“ஹவ் சார். கேட் வெச்சுக்கலாம்.”

வெள்ளை கேட் கட்டினார்கள். சுற்றுச்சுவருக்குத் திட்டத்தில் இடம் இல்லை. இன்றைக்கும் வெட்டவெளியில் கேட் மட்டும் நிற்கிறதாம். வாட்ச்மேன் அதைப் பூட்டி, பக்கத்தால் சுற்றி வீட்டுக்குப் போகிறாராம்.

இவ்வளவு சின்ன வேலைக்காக எங்களை யார் பெர்மனென்ட் ஆக்குவார்கள்? நாற்காலிகள் வாசல் வரைக்கும் வந்துவிட்டன. இரண்டு நாற்காலியை உள்ளேயும் வைத்துவிட்டார்கள். அப்போதுதான் அப்பாராவ் போன் செய்தார். பெல்ட்டுக்கு வருகிற கரியில் எவ்வளவு கல் என்று மாதாமாதம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். வேறு லேப்கள் அவர்களுக்குக் கிட்டத்திலேயே இருந்தன.

“இவங்கதான் வேணும். முகத்தைத் திருப்பிக்கிட்டு எடுத்தாங்க பாருங்க, அவங்க சொன்னாத்தான் நாங்க நம்புவோம்” என்றார்.

நாற்காலிகள் திரும்பிப் போயின. நாங்கள் பெர்மனென்ட் ஆக இன்னும் காலம் பிடித்தது. ஆனால் ரூம் மூடப்படவில்லை.

முதல் மாத மூட்டை வந்தது. பூ, குங்குமம். உள்ளே மறுபடியும் கண்ணாடிக் கரி. காதர் சாப் நூக்கம்மாவையே போனுக்குக் கூப்பிட்டார்.

“கல்லோட அனுப்ப மனசு வரலை பாபு. என்ன செய்யச் சொல்றீங்க” என்றாள்.

“சரி, பொறுக்கு. பொறுக்கின கல்லு எல்லாத்தையும், ஒண்ணு விடாம, தனிப் பையில போட்டுக் கூடவே அனுப்பு” என்றார்.

“கல்லையா? ஹைதராபாதுக்கா?”

“ஹவ்.”

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து கரிமூட்டையோடு ஒரு சின்னத் துணிப்பையும் வந்தது. உள்ளே நன்றாகக் கழுவிய கல். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள், குங்குமம். நாங்கள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி நொறுக்கிக் கோபுரம் கட்டுவோம். அவள் பிரித்தது, நாங்கள் சேர்த்தது. கணக்கு நேராகிவிடும். மஞ்சளுக்கும் கொஞ்சம் சாம்பல் உண்டு, அதை மன்னித்துவிடலாம் என்பார் காதர் சாப். அவர் காலமாகிவிட்டார். நூக்கம்மாவுக்குப் பிறகு அவள் மகள் பெல்ட்டில் நிற்கிறாள். பை வருவது நிற்கவில்லை.

இப்போது பூஜைத் தட்டுக்கு வருகிறேன். புது மெஷினில் முதலில் போட வைத்திருந்தது துறைமுகத்துக் கரிதான். மூட்டையோடு வந்த சின்னப் பையில் மஞ்சளும் பூவும் இருப்பதைப் பார்த்து, பூஜைச் சாமான் என்று ஐயர் அதைத் தேங்காய் பழத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெறும் கரி மெஷினுக்குள் போனது. என் கையில் மைக் இருந்தது. எதிரே அத்தனை முகம். சாப்பிட்டுட்டுப் போங்க என்றுதான் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. வருகிற கரியிலேயே கல் இல்லை என்று நம் லேப் எழுதினால், பெல்ட் எதற்கு, பெண்கள் எதற்கு என்று துறைமுகத்தில் கேட்பார்கள். லேபில் வேலை செய்யும் கல்பனாவுக்கு போன் போட்டேன். தமிழ் வீட்டுப் பெண்தான். நான் தமிழில் கேட்டால் ஹிந்தியிலும் தெலுங்கிலும் பதில் சொல்வாள். ரிப்போர்ட் நாளைக்குத்தான் போகிறது, நிறுத்தி வைக்கிறேன், ஆனால் பை இங்கே இல்லை என்றாள். மேனேஜர் சார் அதைப் பிரசாதம் என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாராம்.

மறுநாள் காலையில் மாரெட்பள்ளியில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பெல்லை அடிக்கக் கை எழவில்லை. பால்காரர் வந்து அடித்தார். பின்னாலேயே நானும் உள்ளே போனேன். மேனேஜர் சாரின் மனைவி என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். விழாவில் எல்லாரையும் சாப்பிடச் சொன்ன அம்மாதானே என்று கேட்டார்.

“அந்தக் கல்லுப் பை வேணும்மா” என்றேன்.

“எந்தக் கல்லு?”

“தட்டுல இருந்தது. அது சாமி இல்லம்மா, சாம்பிள்.”

முதல்முறையாக ஒரு பெரிய வீட்டில் எனக்கு வேண்டியதை நானே கேட்டேன். அவர் பூஜை அறைக்குள் போனார். பையோடு வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்தார். குங்குமம் வைத்துவிட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“ஒண்ணு மட்டும் பார்க்கப் பிள்ளையார் மாதிரியே இருந்துது. அபிஷேகம் பண்ணி வெச்சுட்டேன். அதை எப்படித் திரும்ப எடுக்கறது மாமி?”

நான் எட்டிப் பார்த்தேன். தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்தது உண்மைதான். தலையில் செம்பருத்தி. காதர் சாப் இருந்திருந்தால் ஹவ் என்று சொல்லிவிட்டு எடுத்துப் பையில் போட்டிருப்பார். எனக்கு அந்த அளவுக்குத் தைரியம் வரவில்லை.

ஆட்டோ பிடித்து மௌலா அலிக்குப் போய், பையைப் பிரித்து, பூஜையன்று போட்ட அதே கரியோடு நானே கொட்டினேன். கல்பனா மெஷினை ஓட்டினாள். பழக்கத்தில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ணங் ணங் என்று கல் உடைகிற சத்தம் கேட்டது.

“சரியா இருக்காம்மா?” என்று கேட்டாள். அவள் தமிழில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஒரு கல் குறையும். மாரெட்பள்ளியில இருக்குன்னு எழுதிடு” என்றேன். எழுதியிருக்கிறாள்.